கட்டாத வாட்ச்

வாங்க தம்பி, வாங்க. வாட்ச் பார்க்கத்தான வந்தீங்க? நீங்க சொல்லவே வேணாம். காரை விட்டு எறங்கறதுக்கு முன்னாடி நாய் இருக்கான்னு ரெண்டு பக்கமும் பார்த்தீங்க பாருங்க, வாட்ச்சுக்கு வர்ற மெட்ராஸ்காரங்க எல்லாரும் அப்படித்தான் எறங்குவாங்க. உள்ள வந்து குந்துங்க. அந்த சேர் வேணாம், ஒரு காலு ஆடும். இதுல குந்துங்க.

அவரு இல்ல. வேலூர்ல பட்டாளத்து கேன்டீனுக்குப் போயிருக்காரு. அங்க சோப்பு, டீத்தூளு எல்லாம் வெளிய விக்கறத விட கம்மி. அதுக்காகப் போவல, அங்க வரிசையில நிக்கறதுல ஒரு சந்தோஷம் அவருக்கு. வரிசை இருந்தா போதும், எதுக்குன்னு கூட கேக்க மாட்டாரு. வர்றதுக்கு நேரமாவும். அதுவரைக்கும் நான் பேசறேன், நீங்க கேளுங்க. வாட்ச் வேணும்னா கேட்டுத்தான் ஆவணும். உங்க ஆளுங்களுக்குக் கதைதான முக்கியம்?

இந்த ஊர்ல வூட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துக்குப் போனவங்க. வூட்டுக்கு ஒரு ட்ரங்குப் பெட்டி. அதுல ஒரு கம்பளி, துரு ஏறின மெடலு, ஓடாத வாட்ச்சு. இத்தினி வருஷமா அத்த ஒரு நாய் சீந்தல. போன வருஷம் பொங்கல் கழிச்சி, யாரு வூட்டுப் பையனோ அவன் தாத்தா வாட்ச்ச போன்ல படம் புடிச்சிப் போட்டுட்டான். அவ்வளவுதான். மறு ஞாயித்துக்கிழமையே தெருவுல கார் நிக்க எடமில்ல. எதோ அம்மன் கூழ் ஊத்தறாளோன்னு பக்கத்து ஊர்க்காரங்க சொம்பு எடுத்துக்கினு வந்துட்டாங்க.

எங்க வூட்டுக்கு வந்தவரு நரசிம்மன் சாரு. பல் டாக்டரு. மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரி வெச்சிருக்காராம். பல்லு பார்க்கற அந்தக் குட்டிக் கண்ணாடியாலதான் வாட்ச்சையும் பார்த்தாரு. அதும் முதுகைத் தொறந்து உள்ள எட்டிப் பார்க்கும்போது, அவரையும் அறியாம "ஆ"ன்னு வாயத் தொறந்தாரு பாருங்க, எனக்குச் சிரிப்பு தாங்கல. உள்ள ஓடிட்டேன்.

அவருதான் எனக்குப் பாடம் எடுத்தாரு. "அம்மா, இது கடையில விக்கறதுக்குச் செஞ்சது இல்ல, ஒருத்தன் உயிரை நம்பி கட்டிக்கறதுக்குச் செஞ்சது. ஆயிரக்கணக்குல செஞ்சாங்க. பாதி சண்டையில போச்சு, பாதியை பட்டாளத்துலயே ஒடைச்சிப் போட்டாங்க. மிச்சம் இருக்கறது கொஞ்சம்தான்"னாரு. அப்புறம் ஒவ்வொண்ணா காட்டறாரு. பின்னாடி நம்பர் வெட்டியிருக்கணுமாம். கவர்மென்ட் சாமான்னு காட்ட அம்பு மார்க் இருக்கணுமாம். முகம் மஞ்சளடிச்சி இருக்கணுமாம், இருட்டுல மின்னுற மருந்து பழசானா அப்படி ஆவுமாம். கீறல் இருந்தா ரொம்ப விசேஷம். ஆனா மெருகு மட்டும் போட்டிருக்கக் கூடாது. மெருகு போட்டா செத்துச்சாம்.

நான் நின்னு கேட்டுக்கினு இருந்தேன். எங்க வூட்டுக்காரரும் பக்கத்துல ஸ்டூல்ல குந்தினு இருக்காரு. அவருக்கும் நம்பர் இருக்கு, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரு. கவர்மென்ட் சாமான்தான். சக்கரை வந்ததுலேருந்து முகமும் மஞ்சளடிச்சிதான் கெடக்கு. கீறலுக்குச் சட்டையக் கழட்டச் சொன்னா போதும். மெருகு பத்திக் கேக்கவே வேணாம். கல்யாணமானதுலேருந்து நானும் தேய்ச்சிப் பார்க்கறேன், ஒரு பளபளப்பும் ஏறல. முழு ஒரிஜினலு. ஆனா டாக்டர் சாரு அந்தப் பக்கம் கண்ணாடியத் திருப்பவே இல்ல.

அப்புறம் சாவி குடுத்தாரு. பெட்டிக்குள்ள அத்தினி வருஷம் கெடந்தது, ரெண்டு திருகு திருகினதும் டிக் டிக்னு கெளம்பிடுச்சி. டாக்டருக்கு முகமெல்லாம் பல்லு. எங்க வூட்டுக்காரரு எழுந்து கொல்லைப் பக்கம் போயிட்டாரு. விருந்தாளி வந்திருக்கும்போது எழுந்து போறாரே, இன்னா மரியாதை தெரியாத மனுஷன்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சி.

இவரு திரும்பி வந்ததும் டாக்டரு கேட்டாரு: "ஐயா, இது எந்தச் சண்டையில கட்டினது? எங்க இருந்தீங்க?"

இவரு சொல்றாரு: "ஸ்டோர்ல இருந்தேன் சார்."

"சண்டைக்குப் போவலையா?"

"ஸ்டோரை விட்டுட்டு எங்க சார் போறது?"

டாக்டரு வாட்ச்ச மெதுவா மேசை மேல வெச்சிட்டாரு. "எல்லாம் சரியா இருக்கு. கதைதான் இல்ல"ன்னாரு. சொத்தைப் பல்லுன்னு சொல்ற மாதிரியே சொன்னாரு.

இப்ப ஒண்ணு சொல்லணும் உங்ககிட்ட. எதிர் வூடு பார்த்தீங்கல்ல, பச்சை கேட்டு? முனிரத்தினம் வூடு. அந்த ஆளு பட்டாளத்துல சமையல்காரரு. சமையல் ஒண்ணும் கேவலம் இல்ல, நல்ல சமையலு. ஆனா அவரு வாட்ச்சுல இருக்கற கீறலு எப்படி வந்துச்சின்னு எனக்குத் தெரியும். எருமைய கட்டும்போது சங்கிலி பட்டு வந்துச்சி, நான் பக்கத்துலதான் நின்னேன். இப்ப அது குண்டுச் சிதறல். அவரு சப்பாத்தி போடும்போது குண்டு வந்து விழுந்துச்சாம், ஒரு கையில சப்பாத்தி, ஒரு கையில துப்பாக்கியாம். வாட்ச்சுக்கு வந்த ஆளு கண் கலங்கி, கட்டிப் புடிச்சி, போட்டோ எடுத்து, பேப்பர்லயும் போட்டாச்சி. அவரு பொண்டாட்டி கஸ்தூரி அந்தப் பேப்பரை பால் ஊத்தற எடத்துக்கு எடுத்துக்கினு வர்றா. பால் சொம்பு இல்ல கையில, பேப்பரு!

எனக்கு எப்படி இருக்கும்? சொல்லுங்க.

இன்னொண்ணும் இருக்கு. இத்த நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. கல்யாணம் ஆனப்ப இவரு ஹவில்தாரு. கையில மூணு பட்டை. அடுத்து சுபேதார் ஆயிடுவாருன்னு எங்கம்மா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தா. மறு வருஷம் லீவுல வர்றாரு, ரெண்டு பட்டை. நாயக்கு. எல்லாரும் மேல ஏறுவாங்க, எங்க வூட்டுக்காரரு கீழ எறங்கி வந்தாரு. இன்னாய்யா ஆச்சின்னா, "ஒரு வாட்ச் தொலைஞ்சிடுச்சி"ன்னாரு. அவ்வளவுதான். பெட்டியத் தொறந்து துணி எடுத்து வெக்கறேன், அடியில வாட்ச்.

தொலைஞ்ச வாட்ச் எங்க வூட்டுப் பெட்டியில இருக்கு தம்பி. நான் இன்னா நெனைப்பேன்? நீங்க இன்னா நெனைப்பீங்க? திருடிட்டாருன்னு நெனைச்சேன். ஆசைப்பட்டு எடுத்துட்டாரு, மாட்டிக்கினாருன்னு நெனைச்சேன். கேக்கல. ஒரு பொண்ணு புருஷனைப் பார்த்து இத்த எப்படிக் கேக்கறது? ஊருக்குள்ள மூச்சு விடல. அந்த மானத்தைக் காப்பாத்தினது நான்தான். என்னிக்காவது சண்டை வந்தா, "வாட்ச் தொலைச்ச நாயக்கு"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன், அவ்வளவுதான். அதும் வூட்டுக்குள்ளதான்.

நாயக்காவேதான் ரிட்டையரும் ஆனாரு. முனிரத்தினம் ஹவில்தாரு.

எங்க பையன் லோகநாதனும் பட்டாளத்துக்குப் போனான். கெளம்பற அன்னிக்கு, "அப்பா, அந்த வாட்ச்ச குடு, கட்டிக்கினு போறேன்"னான். ஒரே புள்ள. ஆசையாக் கேக்கறான். இவரு முடியாதுன்னுட்டாரு. "பஸ் ஸ்டாண்டுல புதுசு வாங்கிக்கோ"ன்னாரு. நான் கூட சொன்னேன், "பெட்டியில தூங்கறதை புள்ளைக்குக் குடுத்தா இன்னா?"ன்னு. பெட்டி மேல ஏறி குந்திக்கினாரு! நெஜமா, பெட்டி மேலயே குந்திக்கினாரு. லோகுவுக்கு வந்துச்சே கோவம். "திருட்டு வாட்ச்சுக்கு இவ்வளவு பந்தாவா?"ன்னு கேட்டுட்டு, திரும்பிப் பார்க்காம போயிட்டான்.

அவனுக்கு யாரு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியல. புள்ளைங்களுக்குக் காது ஜாஸ்தி. சரி, அத்த விடுங்க.

அன்னிலேருந்து அப்பனும் புள்ளையும் பேச்சு இல்ல. லோகு போய், பார்டர்ல இருந்து, சுபேதாரா நல்லபடியா திரும்பி வந்துட்டான். இப்ப மெட்ராஸ்ல ஒரு கம்பெனியில செக்யூரிட்டி ஆபீசரு. போன் பண்ணா என்கிட்டதான் பேசுவான். "ஆளு எப்படி இருக்காரு?"ன்னு கேப்பான். அப்பாங்கற வார்த்தை வராது வாயில.

அதுக்குத்தான் தம்பி நான் அப்படிச் செஞ்சேன். டாக்டரு கதை இல்லன்னு சொல்லிட்டு காருகிட்ட போனாரா? நான் பின்னாடியே ஓடினேன். "சாரு, அவரு வெக்கப்படறாரு, நெஜம் நான் சொல்றேன்"ன்னேன். பொய்னு சொல்லாதீங்க. கொஞ்சம் எடுத்துக் குடுத்தேன். சண்டையில, இருட்டுல, வழி தெரியாம நின்ன பசங்களை எல்லாம், இந்த வாட்ச் மின்னுற வெளிச்சத்தைக் காட்டியே ஆத்தைத் தாண்டிக் கூட்டியாந்துட்டாருன்னேன். டாக்டருக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சி. எந்த ஆறுன்னு கேட்டாரு. நமக்குத் தெரிஞ்ச ஆறு பாலாறு. அதுல தாண்டறதுக்கு மணல்தான் இருக்கு. "வடக்குல இருக்கற ஆறு சாரு, பேரு வாயில நுழையாது"ன்னேன். ஒத்துக்கினாரு. படிச்சவங்க பாவம், கதைன்னு ஆசை வந்துட்டா ஆறே இல்லாம கூட நீந்துவாங்க.

ஆடி மாசம் கார் அனுப்பிட்டாரு. மெட்ராஸ்ல பெரிய ஹோட்டலு. இவங்க எல்லாம் ஒரு சங்கம் வெச்சிருக்காங்க. மாசத்துக்கு ஒரு தரம் கூடி, ஒருத்தர் கைய ஒருத்தர் புடிச்சிப் பார்த்துக்குவாங்களாம். அத்தினி பேர் கையிலயும் பட்டாளத்து வாட்ச்சு. தண்ணிக்குள்ள முழுகி சண்டை போட்டவன் கட்டினது, ஏரோபிளேன் ஓட்டினவன் கட்டினதுன்னு சொல்றாங்க. அந்த ஏசிக்குள்ள ஒரு பட்டாளத்துக்காரன் கெடையாது. அதுல ஒருத்தரு, மெல்ல சொன்னாரு, தண்ணி பட்டா கெட்டுப்போவும்னு கை கழுவும்போது கூட கழட்டிடுவாராம். முழுகினவன் கட்டின வாட்ச்ச!

லோகுவுக்கு நான்தான் போன் பண்ணி, "உங்கப்பாவுக்கு மாலை போடறாங்க, வந்து பாரு"ன்னேன். வந்தான். கிட்ட வரல. கடைசியில செவுத்தோரமா கைய கட்டிக்கினு நின்னான்.

டாக்டரு மைக்கப் புடிச்சி ஆத்தைத் தாண்டவே ஆரம்பிச்சிட்டாரு. நான் சொன்னது ஒரு ஆறு, அவரு ரெண்டு ஆறு தாண்ட வெச்சாரு. நடுவுல வெள்ளம் வேற. எங்க வூட்டுக்காரருக்கு இத்த நான் சொல்லவே இல்ல. சொன்னா காருல ஏறியிருப்பாரா? வாட்ச்ச முன்னாடி மேசை மேல வெச்சிட்டு, மேடையில குந்திக்கினு என்னையே பார்க்கறாரு. நான் கூரையில தொங்கற விளக்கைப் பார்த்தேன். நல்ல விளக்கு.

அப்புறம் எழுந்தாரு. மாலையக் கழட்டி சேர்ல வெச்சாரு. மைக்கை கையில வாங்கினாரு.

"எங்க வூட்டம்மா சொன்ன மாதிரி நான் எந்த ஆத்தையும் தாண்டல"ன்னாரு. எனக்கு அங்கயே பூமி பொளந்தா போதும்னு இருந்துச்சி. "நான் ஸ்டோர்ல இருந்தேன். மலைமேல, பனியில, ஒரு தகரக் கொட்டாய். மேல போற பசங்களுக்கு வாட்ச் குடுக்கறதும், திரும்பி வந்தா வாங்கி வெக்கறதும் என் வேலை. பையன் வந்தா அவனே கழட்டிக் குடுப்பான். பையன் வரலைன்னா வாட்ச் மட்டும் வரும். அத்த தொடச்சி, சாவி குடுத்து, டைம் வெச்சி, அடுத்த பையனுக்குக் குடுக்கணும். கவர்மென்ட் சாமான், சும்மா இருக்கக் கூடாது.

"இந்த வாட்ச்ச முதல்ல ஹரிஷ் நேகின்னு ஒரு பையனுக்குக் குடுத்தேன். மலைக்காரன். சண்டையில போயிட்டான். வாட்ச் வந்துச்சி. அப்புறம் குரியன்னு கேரளாப் பையன். வண்டி பள்ளத்துல உருண்டுடுச்சி. வாட்ச் வந்துச்சி. மூணாவது ஏழுமலை. நம்ம போளூர் பக்கம். கட்டும்போது தமிழ்ல கேட்டான், 'அண்ணே, நல்லா ஓடுமா?'ன்னு. 'ஓடும்டா'ன்னு சொன்னேன். மறுநாளே பாறை சரிஞ்சிடுச்சி. சாயந்தரம் வாட்ச்ச கொண்ணாந்து என் மேசை மேல வெச்சாங்க. ஓடிக்கினுதான் இருந்துச்சி.

"நாலாவதா ஒரு பையன் வந்து கைய நீட்டினான். அவன் பேரு கூட நான் கேக்கல. இந்த வாட்ச் தொலைஞ்சிடுச்சின்னு சொல்லிட்டு, வேற ஒண்ண எடுத்துக் கட்டி அனுப்பினேன். தொலைச்சதுக்குப் பட்டையக் கழட்டினாங்க. சரின்னு குடுத்துட்டேன். அப்புறம் இதுக்குச் சாவி குடுத்து யாரு கையிலயும் நான் குடுக்கல. என் புள்ள கேட்டான். அவனுக்கும் குடுக்கல. இதுதான் சார் கதை."

ஒரு சல்யூட் அடிச்சிட்டு வந்து குந்திக்கினாரு.

எனக்கு அழுகை வரல தம்பி, வயிறு எரிஞ்சிது. எத்தினி வருஷம் இந்த மனுஷனுக்குச் சோறு ஆக்கிப் போட்டிருக்கேன்! பக்கத்துலயே படுத்திருக்கேன்! என்கிட்ட சொல்ல முடியாதா? முன்ன பின்ன தெரியாத, கை கழுவ வாட்ச்ச கழட்டறவங்ககிட்ட மைக்குல சொல்றாரு! காருல வரும்போது கேட்டேன். "நீ கேக்கலையே"ன்னாரு. நான் கேக்கலையாம்! இப்ப என் மேல வந்துடுச்சி பாருங்க.

அங்க இன்னா நடந்துச்சி தெரியுமா? எல்லாரும் குனிஞ்சி அவங்கவங்க கையில இருக்கற வாட்ச்ச பார்த்துக்கினாங்க. நான் கூட நெனைச்சேன், பாவம், மனுஷங்கதான், மனசு கலங்கிட்டாங்கன்னு. அப்புறம் எல்லாரும் ஒரே அடியா எழுந்து வந்துட்டாங்க. "மூணு பேரா? மூணு பேரும் இதே வாட்ச்சா?" ஒருத்தரு நெஞ்சுல கைய வெச்சிக்கினு, "இந்த மாதிரி இன்னொண்ணு உலகத்துலயே இருக்காது"ன்னாரு. ஆத்தைத் தாண்டின வாட்ச்ச விட இதுக்குக் கிராக்கி ஜாஸ்தி ஆயிடுச்சி. ஒரு சின்ன வயசு ஆளு, உங்க வயசுதான் இருக்கும், "ஒரே ஒரு வாட்டி கட்டிப் பார்க்கட்டுமா அங்கிள்?"னு சட்டைக் கைய மடிச்சிக்கினே வந்துட்டான். அவரு வாட்ச் மேல கைய வெச்சி மூடிக்கினாரு.

அப்ப செவுத்தோரமா நின்ன லோகு வந்தான். கூட்டத்தைத் தள்ளிக்கினு வந்து, அந்த ஆளோட கைய புடிச்சி சட்டைக் கைய எறக்கி விட்டு, பட்டனும் போட்டு விட்டான். "வாங்கப்பா, போலாம்"னான்.

அப்பான்னான்.

லோகுவும் எங்க கூடவே காருல வந்தான்; அப்பன் ஒரு ஜன்னலு, புள்ள ஒரு ஜன்னலு, வெளியவே பார்த்துக்கினு வந்தாங்க. ரெண்டும் ஒரே வார்ப்பு. ஆனா ராணிப்பேட்டை தாண்டி டீ குடிக்க நிறுத்தினப்ப, "ஒண்ணு மட்டும் சக்கரை இல்லாம"ன்னு டீக்கடைக்காரன்கிட்ட லோகுதான் சொன்னான். அவருக்குச் சக்கரைன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? நான்தான் போன்ல சொல்லிக்கினே இருப்பேன். அவனும் கேக்காத மாதிரியே கேட்டுக்கினு இருந்திருக்கான்.

இப்ப மாசத்துக்கு ரெண்டு தரம் வர்றான். வந்து அவரோட குந்திக்கினு டிவி பார்க்கறான். ரெண்டு பேரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. சத்தமா பேசாம இருப்பாங்க, எனக்குத்தான் தலைவலி.

கஸ்தூரிகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. பால் ஊத்தற எடத்துல மட்டும், அதும் அவளுக்குக் கேக்கற மாதிரி மட்டும், "எங்க வூட்டுக்காரரு பட்டைய அவரா கழட்டிக் குடுத்தாரு"ன்னு சொல்லி வெச்சேன். அதுல இன்னா தப்பு? இது நெஜம்தான. இதுல ஆறு கூட இல்ல.

சரி, நீங்க வந்த விஷயத்துக்கு வருவோம். இந்தாங்க காபி. வாட்ச்ச எடுத்துக்கினு வர்றேன் இருங்க. இந்தத் துணியில சுத்தித்தான் வெச்சிருக்கேன். இல்ல இல்ல, எனக்கு அந்த நம்பிக்கை எல்லாம் கெடையாது. இரும்பு, கண்ணாடி, அதுக்கு இன்னா தெரியும்? கை படாம எடுக்கறேன்னா, எண்ணெய்க் கை, அதுக்காகத்தான்.

பாருங்க. நம்பர் இருக்கு. அம்பு இருக்கு. மஞ்சள் முகம். மெருகு போடல. உங்க ஆளுங்க கேக்கற எல்லாம் இருக்கு, மூணு பேரு இருக்காங்க. இத்தினி நேரமா நீங்க கேட்டுக்கினு இருந்தீங்க, கண்ணு துணியை விட்டுப் போவல. வாட்ச்சுன்னா பெட்டியில கெடக்கக் கூடாது, ஒரு மனுஷன் கையில இருந்தாத்தான் அதுக்கு மதிப்புன்னு டாக்டரு சொன்னாரு. நீங்களும் அத்தத்தான் சொல்லுவீங்க.

நான் இப்ப சாவி குடுக்கறேன். நல்லா ஓடும். நீட்டுங்க கைய.

நீட்டுங்க தம்பி.

ஏன் பின்னாடி இழுத்துக்கினீங்க?

சரி, சரி, வெச்சிட்டேன். காபி ஆறிப்போவுது, குடிங்க. சைக்கிள் சத்தம் கேக்குது பாருங்க, அவருதான். உள்ள வந்ததும் வாட்ச் பார்க்க வந்தேன்னு சொல்லாதீங்க. அவரைப் பார்க்க வந்தேன்னு சொல்லுங்க. இதுவரைக்கும் காருல வந்தவங்கள்ல ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்ல.